கேள்வி இருக்கட்டும், நீங்க எந்த டிவி?

போன ஆவணியில் திண்டுக்கல் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். சாப்பாடு முடிந்து மண்டபத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். மாமா செல்போனை நீட்டி, "மாப்ள, இதைப் பாரு. மனுஷன் என்னமா கேட்டாரு பாரு" என்றார். அன்று காலையிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்த காணொளிதான். ஒரு தலைவர், அவர் முகத்துக்கு முன்னால் ஒரு கொத்து மைக். "நீங்க எந்த டிவி?" என்று கேட்கிறார். கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ மெல்லிய குரலில் ஒரு பெயரைச் சொல்கிறார். "அதானே பார்த்தேன். இதை உங்க முதலாளிகிட்ட போய் முதல்ல கேளுங்க" என்கிறார் தலைவர். சுற்றி நிற்கும் கட்சிக்காரர்கள் சிரிக்கிறார்கள், பின்னணி இசை எழும்புகிறது, அவ்வளவுதான். மேலே சிவப்பு எழுத்தில் 'வாயடைத்துப் போன நிருபர்' என்று போட்டிருந்தது. எங்கள் வட்டத்தில் வெவ்வேறு கட்சிக்காரர்கள் இருந்தார்கள். எல்லாரும் ரசித்தார்கள்.

"நிருபர் என்ன கேட்டாராம்?" என்றேன். யாருக்கும் தெரியவில்லை. மாமா திரும்ப முதலிலிருந்து ஓட்டிக் காட்டினார். கேள்வி அதில் இல்லவே இல்லை. வெட்டி எடுத்திருந்தார்கள். காணொளி தொடங்குவதே "நீங்க எந்த டிவி?" என்ற இடத்திலிருந்துதான்.

எந்தத் தலைவர் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் படிப்பவர்களில் பாதிப்பேர் அவருக்காகவும் மீதிப்பேர் அவருக்கு எதிராகவும் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள், நான் சொல்லவருவது அதற்குள் காணாமல் போகும். வேறு எந்தக் கட்சித் தலைவரை அந்த இடத்தில் நிறுத்தினாலும் காட்சி மாறாது. வீட்டுக்கு வந்த பிறகு முழுக் காணொளியைத் தேடிப் பார்த்தேன். நிருபர் கேட்டது ஒரு குடிநீர்த் திட்டத்தைப் பற்றி. பூமி பூஜை போட்டு, குழாய் பதித்து, தொட்டியும் கட்டி, தண்ணீர் மட்டும் வராமல் கிடக்கிற திட்டம். எப்போது வரும் என்பதுதான் கேள்வி. முழுக் காணொளியிலும் அதற்குப் பதில் இல்லை. இத்தனை பேர் பார்த்து, பகிர்ந்து, கைதட்டிய காட்சியில் அந்த ஊருக்கு எப்போது தண்ணீர் வரும் என்ற ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

அன்றிலிருந்து இது என்னை விடவில்லை. தலைவர்களுக்கும் பத்திரிகைக்கும் உள்ள உறவு என்றாலே கைது, வழக்கு, தணிக்கை என்றுதான் பேசுகிறோம். அவற்றைப் பேசத்தான் வேண்டும். ஆனால் நாள்தோறும் மைக் முன்னால் நடக்கும் இந்தச் சின்ன விஷயம் அவற்றைவிட ஆழமாக வேர் விட்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒரு பத்திரிகையாளரைக் கைது செய்தால் நாலு பேராவது கோபப்படுவார்கள். இதை நாம் ரசிக்கிறோம்.

அந்தக் கேள்வியில் இருக்கும் நியாயம்

முதலில் எதிர்த்தரப்பைப் பார்த்துவிடுவோம். "நீங்க எந்த டிவி?" என்பது தமிழ்நாட்டில் வெறும் மிரட்டல் கிடையாது. வேறு பல மாநிலங்களைவிட இங்கே அதற்கு அர்த்தம் அதிகம். கட்சியோடோ கட்சித் தலைவர் குடும்பத்தோடோ தொடர்புள்ள தொலைக்காட்சிகள் இங்கே வரிசையாக வந்தன. சன் டிவி 1993லும் ஜெயா டிவி 1999லும் வந்தன. மக்கள் தொலைக்காட்சி 2006ல் வந்தது, கலைஞர் தொலைக்காட்சி அடுத்த வருடம். பிறகு கேப்டன் டிவி, காங்கிரஸ் தலைவர்கள் நடத்திய மெகா, வசந்த் தொலைக்காட்சிகள், 2018ல் நியூஸ் ஜெ. 2011ல் புதிய தலைமுறை வந்தபோது நடுநிலைச் செய்தி என்று ஒரு தலைமுறையே அதை ஆர்வமாகப் பார்த்தது. அதன் உரிமையாளர் குடும்பத்துக்கும் ஒரு கட்சி இருந்தது. மைக்கின் மேல் இருக்கும் லோகோவைப் பார்த்தே கேள்வி எந்தத் திசையிலிருந்து வரும் என்று சொல்லிவிடக்கூடிய ஊர் இது. அப்படியிருக்க, "உன்னை அனுப்பியது யார்?" என்று தலைவர் கேட்டால் அதில் தப்பென்ன என்று மாமா கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

இந்த நியாயத்தின் கோரமான முனையையும் நாம் பார்த்திருக்கிறோம். 2007 மே 9 அன்று, கருணாநிதிக்குப் பிறகு யார் என்ற கருத்துக்கணிப்பு வெளியான அன்றே, அவருடைய உறவினர்களான மாறன் குடும்பத்தின் தினகரன் நாளிதழுடைய மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு, தீ வைக்கப்பட்டது. உள்ளே மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் அந்தக் கருத்துக்கணிப்பை நடத்தியவர்கள் இல்லை, எழுதியவர்களும் இல்லை. இரண்டு பேர் கணினிப் பிரிவு ஊழியர்கள், ஒருவர் காவலாளி. அந்த நாட்களில் டீக்கடையிலும் பேருந்திலும் கேட்ட பேச்சு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அது அவங்க குடும்பச் சண்டைப்பா." பத்திரிகை யாருடையது, கணிப்பு யாருக்குச் சாதகம், யார் யாரை எதற்காக முந்தப் பார்க்கிறார்கள் என்று அலசித் தீர்த்தோம். இறந்தவர்களின் பெயர்கள் அந்த அலசலில் வரவே இல்லை. 2009ல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரையும் விடுவித்தது. 2019ல்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை மாற்றி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. நடுவில் பன்னிரண்டு வருடங்கள். "எந்தப் பத்திரிகை?" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டதாலேயே, செத்தது யார் என்று கேட்க நமக்குத் தோன்றாமல் போனது.

ஆக, உடைமை முக்கியம்தான். ஒரு தொலைக்காட்சி எதைக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை உரிமையாளரை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். ஆனால் ஒரு நிருபர் தலைவரிடம் கேட்கிற கேள்விக்கும் அதே அளவுகோல்தானா? இங்கேதான் என் மனசு பல நாள் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டிருந்தது.

கட்சிப் பத்திரிகை என்றாலே ஒதுக்கிவிடலாம் என்பவர்கள் 1976 பிப்ரவரியை நினைத்துப் பார்க்க வேண்டும். நெருக்கடி நிலை, தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்தன. யார் யாரை மிசா தடுப்புக்காவல் சட்டத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று அச்சிட முடியாது, தணிக்கை அதிகாரி அடித்துவிடுவார். அண்ணா நினைவு நாள் வந்தது. அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று முரசொலி ஒரு பட்டியலைப் போட்டது. மாவட்டவாரியாகப் பெயர்கள். படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது, உள்ளே இருப்பவர்கள் இவர்கள்தான் என்று. கணவன் எங்கே போனான், பிள்ளை என்ன ஆனான் என்று தெரியாமல் தவித்த வீடுகளுக்கு அன்று உண்மையான செய்தியைக் கொண்டுபோனது ஒரு கட்சியின் நாளேடு. கட்சிக்கு அதில் லாபம் இருந்தது என்பதும் உண்மை, பட்டியல் உண்மை என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்வது அப்படி ஒன்றும் கஷ்டம் இல்லை.

2003ல் நடந்ததை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முதல்வர் ஜெயலலிதாவின் சட்டமன்றப் பேச்சுகளை விவரித்த விதத்துக்காகவும், அதையொட்டி எழுதிய ஒரு தலையங்கத்துக்காகவும் 'தி இந்து' நாளிதழின் ஆசிரியர் உள்ளிட்டோருக்குச் சட்டமன்றம் பதினைந்து நாள் சிறைத்தண்டனை விதித்தது. அதே தீர்மானத்தில் முரசொலி ஆசிரியர் செல்வத்துக்கும் அதே தண்டனை. அவர் செய்தது அந்தத் தலையங்கத்தின் தமிழாக்கத்தை வெளியிட்டது. மவுண்ட் ரோட்டில் 'இந்து' அலுவலகத்துக்குள் போலீஸ் நுழைந்தது, மூன்று நாளில் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது, இதெல்லாம் தெரிந்த கதை. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. ஒன்று பொதுவான பத்திரிகை, இன்னொன்று எதிர்க்கட்சியின் ஏடு. சொன்ன விஷயம் ஒன்றுதான். தண்டிக்கும்போது ஆட்சிக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. பதில் சொல்லும்போது மட்டும் அது எங்கிருந்து தேவைப்படுகிறது?

"டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்"

எனக்குத் தெளிவு வந்தது தூத்துக்குடியை யோசித்தபோதுதான்.

2018 மே 22. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன மக்கள் மீது துப்பாக்கிச்சூடு. 13 பேர் இறந்தார்கள். காவல்துறை முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் கையில் இருந்தது. செய்தியாளர்கள் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டபோது, உங்களைப் போல நானும் டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்ற பொருளில் பதில் சொன்னார். கேட்டவர்கள் அதிர்ந்துபோனார்கள். மீம் போட்டார்கள், பட்டிமன்றம் வரைக்கும் போனது. பிறகு அடங்கிவிட்டது.

நாலு வருடம் கழித்து, 2022 அக்டோபரில், துப்பாக்கிச்சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அன்றைய தலைமைச் செயலாளர், டிஜிபி, உளவுத்துறை ஐஜி மூவரும் நிலவரத்தை முதல்வருக்கு உடனுக்குடன் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்றும், ஊடகங்கள் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன் என்று அவர் சொன்னது சரியல்ல என்றும் அதில் இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு ஆணையத்தைவிட அந்த முதல் கேள்விதான் மனசில் நின்றது. யாரோ ஒரு நிருபர் மைக்கை நீட்டிக் கேட்காமல் இருந்திருந்தால் அந்த வாக்கியம் பிறந்திருக்காது. வாக்கியம் இல்லை என்றால் நாலு வருடம் கழித்து அதைச் சாட்சியங்களுக்கு எதிரே வைத்து உரசிப் பார்த்திருக்க முடியாது. முதல்வருக்கு எதுவுமே தெரியாமல் இருந்ததா என்ற விவாதத்துக்கே பிடிமானம் கிடைத்திருக்காது.

அந்தக் கேள்வியைக் கேட்டது எந்த டிவி? கலைஞரா, சன்னா, ஜெயாவா, புதிய தலைமுறையா? எனக்குத் தெரியாது. அதைப் பற்றி யாரும் கேட்டதும் இல்லை. தி.மு.க. ஆதரவுத் தொலைக்காட்சி கேட்டிருந்தாலும், ஆளும் கட்சித் தொலைக்காட்சியே கேட்டிருந்தாலும், அந்தப் பதிலின் எடையில் ஒரு குந்துமணி அளவுகூட மாற்றம் இருந்திருக்காது. கேட்டவர் யார் என்பது அன்று சாயங்காலமே மறைந்துவிடுகிறது. சொன்ன பதில் மட்டும் ஆவணமாகத் தங்கிவிடுகிறது. தலைவர்களுக்கு இது நன்றாகத் தெரியும் என்றே நினைக்கிறேன். அதனால்தான் பதில் பிறக்கும் முன்னாலேயே பேச்சைக் கேட்டவர் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். மாமாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். நிருபருக்கு உள்நோக்கம் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். தண்ணீர் எப்போது வரும் என்பதற்குச் சரியான தேதி ஒன்று இருக்கிறது அல்லது இல்லை. உள்நோக்கத்தால் அந்தத் தேதி மாறாது.

அதே தூத்துக்குடி, அதே மாதக் கடைசி. மருத்துவமனையில் காயம்பட்டவர்களைப் பார்த்துவிட்டுச் சென்னை திரும்பிய ரஜினிகாந்தைச் செய்தியாளர்கள் விமான நிலையத்தில் சூழ்ந்தார்கள். அப்போது அவர் கட்சி தொடங்கப்போவதாக அறிவித்திருந்த நேரம். சமூக விரோதிகள் உள்ளே புகுந்துவிட்டார்கள் என்றார். எப்படித் தெரியும் என்று விடாமல் கேட்டபோது "ஏய்" என்று குரல் உயர்ந்தது, வேறு கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். பிறகு அந்தத் தொனிக்காக வருத்தமும் தெரிவித்தார். நம்மில் பலருக்கு அந்த "ஏய்" மட்டும்தான் நினைவிருக்கும். ஆனால் அந்த எரிச்சலுக்கு முன்னால் சொன்ன பதிலுக்காக 2020ல் அதே ஆணையம் அவருக்குச் சம்மன் அனுப்பியது. உங்களுக்கு என்ன தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்க. விமான நிலையத்தில் நெருக்கித் தள்ளிக்கொண்டு நின்ற அந்த நிருபர்கள் கேட்டதும் அதைத்தானே?

அன்று தூத்துக்குடி மருத்துவமனையில் காயம்பட்டுப் படுத்திருந்த ஒரு இளைஞர் ரஜினியைப் பார்த்து, "யார் நீங்க?" என்று கேட்டார். நூறு நாள் போராடியபோது எங்கே இருந்தீர்கள் என்பது அதற்குள் இருந்தது. தலைவர்கள் நிருபர்களிடம் கேட்கிற அதே மாதிரிக் கேள்விதான் இதுவும். ஆனால் அதைக் கேட்க உரிமை உள்ளவர் கேட்டார், பதில் சொல்லக் கடமைப்பட்டவரிடம் கேட்டார். ஜனநாயகத்தில் "நீ யார்?" என்ற கேள்வி கீழிருந்து மேலே போக வேண்டியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோவையில் ஒரு பெண் நிருபர்

2023 அக்டோபர் தொடக்கம். அ.தி.மு.க., பா.ஜ.க. கூட்டணி முறிந்து சில நாட்கள். கோவையில் அப்போதைய மாநில பா.ஜ.க. தலைவர் அண்ணாமலை செய்தியாளர்களைச் சந்தித்தார். தலைவர் பதவியில் இல்லாவிட்டாலும் கட்சியில் தொடர்வீர்களா என்று ஒரு பெண் நிருபர் கேட்டார். அவர் பதில் சொல்வதற்குப் பதிலாக, இங்கே என் பக்கத்தில் வந்து நில்லுங்கள், இப்படிக் கேள்வி கேட்பது யார் என்று எட்டுக் கோடி மக்களும் பார்க்கட்டும் என்ற மாதிரி அழைத்தார். மற்ற நிருபர்கள் ஆட்சேபித்தார்கள், கோவைப் பத்திரிகையாளர் மன்றம் கண்டித்தது.

நான் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். "நீங்க எந்த டிவி?" என்பதன் முழு உருவம் அதில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் போதாது, முகத்தையும் காட்ட வேண்டும். ஒரு பெண்ணின் முகம் கேமராவுக்கு முன்னால் வந்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் அவருக்கு என்னென்ன செய்திகள் வரும், எந்தெந்தப் படங்கள் ஒட்டப்படும் என்பது சமூக ஊடகத்தில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். தண்டனையைக் கும்பலிடம் ஒப்படைப்பது இது. அழைத்தவர் அப்படி நினைத்தாரா என்பது எனக்கு இரண்டாம் பட்சம், விளைவு அதுதான். அந்தக் கேள்வியோ சாதாரணக் கேள்வி. நியாயமானதும்கூட. 2025 ஏப்ரலில் கட்சித் தலைமை மாறியது, நயினார் நாகேந்திரன் வந்தார். அதற்குப் பிறகு எத்தனை தொலைக்காட்சிகள், எத்தனை விவாதங்கள், எல்லாவற்றிலும் அலசியது அந்தப் பெண் கேட்ட அதே விஷயத்தைத்தான். ஒன்றரை வருடம் முன்னால் ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம்.

இதில் கட்சி பேதம் பார்க்க ஒன்றும் இல்லை. 2018 ஜூனில் கோவையில் புதிய தலைமுறை நடத்திய விவாத நிகழ்ச்சிக்காக நிர்வாகத்தின் மீதும் நிருபர் மீதும் அ.தி.மு.க. ஆட்சியில் வழக்குப் போட்டார்கள், அரசு கேபிளில் அதன் ஒளிபரப்பும் பாதிக்கப்பட்டது. 2025 அக்டோபரில், தி.மு.க. ஆட்சியில், அதே தொலைக்காட்சி அரசு கேபிளில் தெரியவில்லை என்று மறுபடியும் குற்றச்சாட்டு எழுந்தது. இரண்டு தடவையும் எதிர்க்கட்சியில் இருந்தவர்கள் கருத்துரிமை பற்றி உருக்கமாகப் பேசினார்கள். ஆட்சியும் எதிர்க்கட்சியும் இடம் மாறின, கேபிள் பெட்டி அப்படியே இருந்தது.

பயம் எங்கிருந்து வருகிறது

இன்னொரு எதிர்வாதம் இருக்கிறது. எனக்கு அதுதான் மிகக் கடினமானது. 2015 டிசம்பர் கடைசியில் ரத்ததான முகாமுக்கு வந்த விஜயகாந்திடம் அடுத்த தேர்தலில் அ.தி.மு.க. ஆட்சியைப் பிடிக்குமா என்று கேட்டார்கள். அவருக்குக் கோபம் வந்தது. இதை ஜெயலலிதாவிடம் போய்க் கேட்பீர்களா, உங்களுக்குப் பயம் என்று சொல்லிவிட்டு, "தூ" என்று துப்பினார். அந்தச் செயலை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அவர் சொன்னது பொய்யா? சென்னை வெள்ளத்தில் மூழ்கி எழுந்த மாதம் அது. செம்பரம்பாக்கம் ஏரியை எப்போது, யார் சொல்லித் திறந்தார்கள் என்று முதல்வரிடம் நேருக்கு நேர் கேட்க வாய்ப்பே இருக்கவில்லை. கேட்டால் கோபப்படுவார், ஆனால் வந்து நிற்பார் என்பதற்காகவே விஜயகாந்த் எல்லாக் கேள்விகளையும் வாங்கிக்கொண்டார். வராதவர்கள் தப்பித்தார்கள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாதாரண மனிதர் அவதூறு வழக்குப் போட வேண்டுமானால் தானே வக்கீல் வைத்து, தானே கோர்ட்டுக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். முதல்வருக்கும் அமைச்சருக்கும் அப்படி இல்லை. அவர்களது அரசுப் பணி தொடர்பான அவதூறு என்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199(2) பிரிவின்படி (2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 222(2) பிரிவு) அரசு வழக்கறிஞரே செஷன்ஸ் கோர்ட்டில் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். செலவு அரசுடையது, அதாவது நம்முடையது. தலைவருக்கு ஒரு கையெழுத்து, பத்திரிகைக்குப் பல வருட வாய்தா. 2011க்குப் பிறகான ஐந்து வருடத்தில் இப்படி 213 வழக்குகள் போடப்பட்டதாக உச்ச நீதிமன்றத்தில் கணக்கு வந்தது. பொதுவாழ்க்கையில் இருப்பவர் விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் பத்திரிகைகள் மீதான இந்த மாதிரி வழக்குகளை மொத்தமாக ரத்து செய்தபோது, அரசு ஒரு பெற்றோரைப் போல நடந்துகொள்ள வேண்டும், பிள்ளைகள் திட்டினால் எந்தப் பெற்றோரும் அவ்வளவு சுலபமாகக் கைவிட்டுவிடுவதில்லை என்ற கருத்தைச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குள் ஜெயலலிதாவே இறந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பெரிய பத்திரிகைக்கு இவ்வளவு என்றால், தாலுகா நிருபரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் பகுதிநேரம். பலருக்குச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது, விளம்பரத்தில் வரும் கமிஷன்தான் வருமானம். தீபாவளி மலருக்கு யாரிடம் விளம்பரம் கேட்பார்? அதே மாவட்டச் செயலாளரிடம், அதே ஒன்றியத் தலைவரிடம், அதே ஒப்பந்ததாரரிடம். காலையில் அவரிடம் சாலை ஏன் பெயர்ந்தது என்று கேமரா முன்னால் பதில் (பைட்) வாங்கிவிட்டு, சாயங்காலம் பிறந்தநாள் வாழ்த்து விளம்பரத்துக்குப் போய் நிற்க வேண்டும். தலைவர் "நீங்க எந்த டிவி?" என்று கேட்கும்போது அந்த நிருபருக்குக் காதில் விழுவது வேறு. உன் முதலாளியின் எண் என்னிடம் இருக்கிறது என்று விழும். இந்த நிலைமையை உண்டாக்கி வைத்திருப்பது தலைவர்கள் இல்லை, பத்திரிகை, தொலைக்காட்சி முதலாளிகள். ஒழுங்கான சம்பளம் கொடுக்காமல் நிருபரை மைக்கோடு அனுப்பிவிட்டு, அவர் தைரியமாகக் கேட்கவில்லை என்று வருத்தப்படுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

இதற்கு அடுத்த கட்டமும் வந்துவிட்டது. "எந்த டிவி?" என்று கேட்கவே தேவையில்லாத கட்டம். பிரதமர் மோடி 2014க்குப் பிறகு இந்தியாவில் எல்லாருக்கும் திறந்த செய்தியாளர் சந்திப்பு நடத்திக் கேள்விகளுக்குப் பதில் சொன்னதில்லை. 2019 மே மாதம் கட்சி அலுவலகத்தில் அமித் ஷாவோடு வந்து உட்கார்ந்தார், கேள்வி வந்தபோது அதைக் கட்சித் தலைவர் பக்கம் தள்ளினார். பேட்டி கொடுப்பவரே பேட்டி எடுப்பவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எதிர்க்கேள்விக்கு வேலை இல்லை. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 பேர் நெரிசலில் இறந்த இரவு, த.வெ.க. தலைவர் விஜய் விமான நிலையத்தில் நிருபர்களைக் கடந்து பேசாமல் போனார். மூன்றாவது நாள் காணொளி வந்தது. துக்கம் அதில் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஏன் தாமதம், தண்ணீருக்கு என்ன ஏற்பாடு, யார் பொறுப்பு என்று அந்தக் காணொளியிடம் கேட்க முடியாது. கருணாநிதி தானே கேள்வி எழுதித் தானே பதிலும் எழுதி அறிக்கை விடுவார். அதையும் நான் செய்தியாளர் சந்திப்பில் சேர்க்க மாட்டேன். ஆனால் அவர் அறிவாலயத்திலும் கோபாலபுரத்திலும் மைக்குகளுக்கு முன்னாலும் உட்கார்ந்தார், மடக்கினார், மடங்கவும் செய்தார்.

சரி, என்ன செய்யலாம்? கண்டன அறிக்கை விடுவது, பிரஸ் கிளப் வாசலில் கறுப்புப் பட்டையோடு நிற்பது எல்லாம் நடக்கிறது, நடக்கட்டும். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. 2018 ஜூலையில் வெள்ளை மாளிகைச் செய்தியாளர் கூட்டத்தில் டிரம்பின் செய்திச் செயலாளர் ஒரு என்பிசி நிருபரின் தொடர்கேள்வியைத் தாண்டி அடுத்தவரைக் கூப்பிட்டார். அடுத்தவர் 'தி ஹில்' பத்திரிகைக்காரர். அவர் தன் முறையை அந்த என்பிசி நிருபருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார், நீங்கள் கேட்க வந்ததைக் கேளுங்கள் என்று. இரண்டு பேரும் வேறு வேறு நிறுவனம், போட்டியாளர்கள். நம் ஊரில் ஒரு தலைவர் "நீங்க எந்த டிவி?" என்று கேட்டதும் அடுத்த மைக்காரர் அதே குடிநீர்க் கேள்வியை எடுத்தால் என்ன ஆகும்? அவரிடமும் எந்த டிவி என்று கேட்பார். மூன்றாமவரும் அதையே கேட்டால்? ஜெயாவும் கலைஞரும் நியூஸ் ஜெவும் ஒரே கேள்வியைக் கேட்டால் அந்த எதிர்க்கேள்விக்கு இடமே இருக்காது. விளம்பரக் கமிஷனை நம்பி இருப்பவரால் தனியாக நிற்க முடியாது, நாலு பேரோடு சேர்ந்து நிற்க முடியும்.

ஒரு செய்தி நிறுவனத்தின் டிஜிட்டல் டெஸ்கில் வேலை பார்க்கும் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "களத்துல நிக்கிறவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணே" என்றார். அப்புறம் நான் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான். அந்த மாதிரிக் காணொளியை வெட்டும்போது நிருபரின் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஐந்தாறு வினாடி. ஒலி தெளிவாக இல்லை என்றால் எழுத்தில் போடுங்கள். எந்தத் தலைவரும் அதற்கு வழக்குப் போட மாட்டார், எந்தக் கேபிளும் அதற்காக நிற்காது. முதல் மூன்று வினாடியில் ஆளைப் பிடிக்காவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள், அதனால்தான் பதிலிலிருந்து தொடங்குகிறோம் என்று அவர் விளக்கினார். எனக்கு அது புரிகிறது. அப்படியானால் கடைசியிலாவது போடுங்கள் என்றேன். காணொளி முடியும்போது திரையில் இரண்டு வரி: கேட்ட கேள்வி இது, பதில் வரவில்லை. எடிட்டரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.